ஆரோக்கியஸ்ரீ மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்

வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்கள் பெருஞ்செலவு பிடிக்கும் அறுவை சிகிச்சைகளைக் கட்டணமின்றிப் பெறுவதற்காக ஆந்திரப் பிரதேச அரசு, ஒய். எஸ். ராஜசேகர ரெட்டி முதல்வராயிருந்த 2007 ஏப்ரலில் தொடங்கிய திட்டம் ஆரோக்கியஸ்ரீ. முதலில் அனந்தபுரம், மகபூப்நகர், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்து, பின்னர் சித்தூர் உள்ளிட்ட ஏனைய மாவட்டங்களுக்கும் விரிந்த இதில், வெள்ளை ரேஷன் அட்டையே தகுதிச் சான்றாயிற்று. காப்பீட்டுக் கட்டணமான பிரீமியத்தை அரசே ஏற்றது. சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரம் போன்ற எல்லையோர மண்டலத்தின் கூலித் தொழிலாளி, நிலத்தை அடகு வைக்காமலேயே திருப்பதியின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தில் இதய அறுவை சிகிச்சை பெற வழி பிறந்தது இதன் தலையாய பயன். பட்டியலிட்ட மருத்துவமனைகளில் அமர்த்தப்பட்ட ‘ஆரோக்கிய மித்ரா’ எனும் பணியாளர்கள், எழுத்தறியா நோயாளிகளுக்கும் அலுவல் நடைமுறைகளை எளிதாக்கினர்.

தமிழகத்தில் 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அளிக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் (2018) இதே வழியில் அமைந்தவை. எனினும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே முதன்மை தரப்பட்டதால், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் மருந்து வாங்கும் செலவு பெரும்பாலும் ஏழையின் கைப்பணத்திலேயே விழுந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களை வலுப்படுத்தாமல் இக்குறை நீங்காது.