கிரானோலா வந்த வழி



டவுன் கடைகளில் 'கிரானோலா' என்று ஒரு காலை உணவைப் பளபளக்கும் பையில் போட்டு விற்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். ஓட்ஸ் அவல், பருப்பு வகை, உலர்ந்த திராட்சை இவற்றைத் தேனில் பிசறி மொறுமொறுவென்று சுட்டு எடுத்த பண்டம். அது எங்கிருந்து வந்தது, வழியில் அதற்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்து கொண்டால், நம் வீட்டு அடுப்பில் எப்படிச் செய்வது என்பதும் விளங்கிவிடும்.

அமெரிக்க நாட்டில் சில்வெஸ்டர் கிரஹாம் என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1830-களில் அவர் ஊர் ஊராகப் போய், "கோதுமையின் தவிட்டை நீக்காதீர்கள், முழு மாவாகச் சாப்பிடுங்கள்" என்று பிரசாரம் செய்தார். அவர் சொன்ன முழுக் கோதுமை மாவுக்கு 'கிரஹாம் மாவு' என்றே பெயர் ஏற்பட்டது.

அந்த மாவை எடுத்துக்கொண்டவர் டாக்டர் ஜேம்ஸ் காலெப் ஜாக்சன். நியூயார்க் மாநிலத்தில் டான்ஸ்வில் என்ற ஊரில் வைத்திய விடுதி நடத்தியவர். 1863-ல் அவர் ஒரு காரியம் செய்தார். மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தகடாகத் தட்டி, அடுப்பில் சுட்டார். அதை உடைத்து மறுபடியும் சுட்டார். பிறகு பொடியாக நொறுக்கி 'கிரானுலா' என்று பெயர் வைத்தார். கல் மாதிரி இருக்குமாம். ராத்திரியே பாலிலோ தண்ணீரிலோ ஊறப் போட்டால்தான் காலையில் பல்லுக்கு இடம் கொடுக்கும்.

இரண்டு தடவை சுட்டதால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஈரம் வற்றிப் போகிறது. ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சாணம் வராது. நெல்லை நன்றாகக் காய வைத்து மூட்டை பிடிக்கிறோமே, அதே கணக்குதான்.

கொஞ்ச காலம் கழித்து, மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரின் வைத்திய விடுதியை நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், கோதுமை, ஓட்ஸ், மக்காச்சோளம் மூன்றையும் கலந்து இதே மாதிரி செய்தார். பெயரும் அதே 'கிரானுலா'. ஜாக்சன் தரப்பு சும்மா இருக்குமா? வழக்கு என்று வந்தது. 1880-ஐ ஒட்டி கெல்லாக் 'னு'வை 'னோ' ஆக்கி, 'கிரானோலா' என்று மாற்றிக்கொண்டார்.

1891-ல் அந்த விடுதிக்கு நோயாளியாக வந்தவர் சி. டபிள்யூ. போஸ்ட். 1897-ல் அவர் 'கிரேப் நட்ஸ்' என்ற தானிய உணவைச் சந்தைக்குக் கொண்டு வந்து பெரும் பணக்காரர் ஆனார். டாக்டரின் தம்பி 1906-ல் கார்ன் ஃபிளேக்ஸ் கம்பெனி தொடங்கினார். வைத்திய விடுதிச் சாப்பாடு தொழிற்சாலைச் சரக்காயிற்று. பிறகு சர்க்கரை நுழைந்தது. 1952-ல் அந்தக் கம்பெனியே சர்க்கரை பூசிய ஃபிளேக்ஸ் விற்றது. கிரானோலாவை ஜனங்கள் ஏறக்குறைய மறந்தே போனார்கள்.

அதற்கு மறுவாழ்வு 1960-களில் வந்தது. இந்த முறை ஓட்ஸ் அவல்தான் முக்கியச் சேர்மானம். 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால்பண்ணைக்காரரின் நிலத்தில் 'உட்ஸ்டாக்' இசை விழா நடந்தது. லட்சக்கணக்கில் கூட்டம், சாப்பாடு போதவில்லை. கூட்டாக வாழ்ந்த இளைஞர் குழு ஒன்று கிரானோலாவைக் காகிதக் குவளைகளில் போட்டு ஜனங்களுக்குக் கொடுத்தது. கம்பெனிகள் விட்டுவிடுமா? 1972-ல் பெட்டியில் வந்தது. 1975-ல் மிட்டாய்க் கட்டி போலவும் வந்தது. கூடவே சர்க்கரையும் திரும்பி வந்தது!

இந்தக் கதையில் நமக்கு என்ன இருக்கிறது? தானியத்தின் சத்து தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கிறது. முளைக்கருவில் எண்ணெய் உண்டு. அரைத்து வைத்த கம்பு மாவு சில நாளில் கசந்து போகிறதே, காரணம் அந்த எண்ணெய் கெடுவதுதான். சூடு காட்டினால் அதைக் கெடுக்கும் நொதியின் வேகம் அடங்கும். ஓட்ஸை அவலாக நசுக்குமுன் ஆவியில் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓட்ஸ் குளிர்நாட்டுப் பயிர். நமக்குக் கம்பு அவலோ சோள அவலோ போதுங்க.

மூன்று டம்ளர் அவலைக் கனமான வாணலியில், சிறு தீயில், வாசனை வரும்வரை வறுத்து எடுங்கள். ஒரு டம்ளர் வேர்க்கடலையைத் தனியாக வறுத்து உடைத்துக் கொள்ளுங்கள். கால் டம்ளர் வெல்லப் பாகு, இரண்டு பெரிய கரண்டி எண்ணெய் சேர்த்து எல்லாவற்றையும் பிசறி, மறுபடியும் சிறு தீயில் ஈரம் போகக் கிளறுங்கள். நன்றாக ஆறின பிறகு டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து நமுத்துவிடும். ஜாக்சன் இரண்டு தடவை சுட்டார். நாம் இரண்டு தடவை வறுக்கிறோம், அவ்வளவுதான். வெல்லமும் சர்க்கரைதான், சர்க்கரை வியாதிக்காரர்கள் பாகைச் சேர்க்காமல் செய்து, அளவாகச் சாப்பிட வேண்டும்.

கடையில் வாங்கினால் பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். சர்க்கரை முன்வரிசையில் நின்றால், நீங்கள் வாங்குவது பாதி மிட்டாய்தான்.

தானியத்தை மூட்டையாக விற்றுவிட்டு, அதையே பையாக நாலு மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டுமா? வறுப்பவருக்குத்தான் லாபம் போயிற்று என்று இந்தக் கதை சொல்கிறது. முதலில் வீட்டுக்கு வறுங்கள், கை பழகட்டும், மகளிர் குழுவாகச் சேர்ந்து விற்பதைப் பற்றிப் பிறகு பேசலாம்.