காற்று எந்தப் பக்கம்? - ஒரு பிடி மண்ணிலிருந்து தும்பா ராக்கெட் வரை

போன வெள்ளிக்கிழமை மாலை துபாய் கைட் பீச்சில் எனக்கு ஒரு சின்ன அவமானம் நடந்தது. மகளுக்கு ஒரு பட்டம் வாங்கிக் கொடுத்திருந்தேன். அவள் செல்போனில் வானிலை பார்த்துவிட்டு, "அப்பா, காற்று வடமேற்குன்னு போட்டிருக்கு. நாம எந்தப் பக்கம் பார்த்து நிக்கணும்?" என்று கேட்டாள். வங்கியில் இருபது வருடமாக வரவு எது பற்று எது என்று குழம்பாதவன், ரொம்பத் தெரிந்தவன் மாதிரி, "வடமேற்குன்னா காற்று வடமேற்கு நோக்கிப் போகுதுன்னு அர்த்தம். நீ கடலைப் பார்த்து நில்லு, பட்டம் கடல் மேல போகும்" என்றேன்.

பட்டம் கடல் மேல் போகவில்லை. நேராக என் முகத்தில் வந்து அறைந்தது. :-)

காற்றுக்குப் பெயர் வைப்பது அது வரும் திசையை வைத்து. வடமேற்குக் காற்று என்றால் வடமேற்கிலிருந்து வருவது. கடல் நீரோட்டத்துக்கு இது அப்படியே தலைகீழ். நீரோட்டம் போகும் திசைதான் அதன் பெயர். கைபேசிச் செயலிகளில் சிலவற்றில் அம்புக்குறி காற்று போகும் பக்கம் காட்டும், எழுத்தோ வரும் பக்கம் சொல்லும். நான் குழம்பியதில் ஆச்சரியமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் திருப்புறத்துக்காரன். இதை எனக்கு ஒருவர் ஒரு அறை கொடுத்துச் சொல்லித் தந்திருக்கிறார். எப்படி மறந்தேன்?

சரி, கொசுவர்த்திச் சுருளைக் கொஞ்சம் சுற்றிக்கொள்ளுங்கள்.

திருப்புறம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே, பூவாறுக்குப் பக்கத்தில். மேற்கே கொஞ்ச தூரம் போனால் கடல். கிழக்கே போனால் பாறசாலை, அதைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் எங்கள் வீட்டுத் தமிழில் பாதி மலையாளம் கலந்திருக்கும். பள்ளிக்கூடத்து மலையாளத்திலோ தமிழ் வாடை அடிக்கும். பட்டத்துக்கு மட்டும் சண்டையே இல்லை. இரண்டு பாஷையிலும் அது பட்டம்தான்.

தென்னை ஈர்க்கில் இரண்டு, பழைய செய்தித்தாள், மைதாப் பசை, அம்மாவின் கிழிந்த சேலையில் ஒரு வால், தையல் நூல். இவ்வளவுதான் முதலீடு. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். கோடை விடுமுறையில் ஒரு நாள் காலை, நானும் பக்கத்து வீட்டுப் பையனும் தென்னந்தோப்பு ஓரமாகப் பட்டம் விட்டோம். கீழே நின்றபோது காற்று கிழக்கிலிருந்து மெதுவாக வந்தது. பட்டம் மேற்கே தோப்பைத் தாண்டி உயர்ந்தது. நூலை விட்டுக்கொண்டே இருந்தோம். திடீரென்று காற்று செத்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து அடித்தது. பட்டம் எங்கள் தலைக்கு மேலே வந்து, எங்களைத் தாண்டி, ரோட்டோர மின்கம்பியில் போய்ச் சிக்கியது.

பக்கத்து வீட்டுப் பையன் மாங்காய் பறிக்கும் தோட்டியை (மற்ற ஊர்களில் தொரட்டி என்பார்கள்) எடுத்துக்கொண்டு ஓடினான். நுனியில் இரும்புக் கொக்கி, காம்பு முந்தின நாள் மழையில் நனைந்தது. அவன் அதைத் தூக்கி நிமிர்த்துவதற்குள் என் பாட்டா எங்கிருந்தோ பாய்ந்து வந்து தோட்டியைப் பிடுங்கி எறிந்தார். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பிறகு அவர் திண்ணையில் உட்கார்ந்தபோது அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு அறையை விட நன்றாக நினைவிருக்கிறது.

அன்று சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். "லே மக்கா, காலையில கரைக்காத்து. பத்து மணிக்கு மேல கடல்காத்து கேறும். ரெண்டும் மாறுகப்போ காத்து நிக்கும். அந்த நேரத்துல நூலைச் சுத்திக் கையில வைக்கணும்" என்றார். பகலில் நிலம் கடலை விடச் சீக்கிரம் சூடாகும். நிலத்தின் மேல் உள்ள காற்று சூடாகி மேலே எழும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். இரவில் இது தலைகீழ். பாடப்புத்தகத்தில் இதை நான் படித்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

அவர் சொல்லித் தந்த முறைகளை, பிள்ளைகளோடு பட்டம் விடப் போகிறவர்களுக்காக இங்கே வரிசையாகத் தருகிறேன்.

ஒன்று, ஒரு பிடி காய்ந்த மண்ணையோ புல்லையோ தோள் உயரத்தில் பிடித்து விடுங்கள். அது போகும் பக்கம் பட்டமும் போகும். அதற்கு எதிர்ப்பக்கம்தான் காற்றின் பெயர்.

இரண்டு, விரலை நாக்கில் நனைத்துத் தூக்கிப் பிடியுங்கள். எந்தப் பக்கம் முதலில் சில்லென்று ஆகிறதோ அந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது. ஈரம் அந்தப் பக்கம் வேகமாக ஆவியாவதால் அந்தக் குளிர்ச்சி.

மூன்று, கண்ணை மூடி மெதுவாகத் திரும்புங்கள். இரண்டு காதிலும் காற்றின் சத்தம் ஒரே அளவில் கேட்கும்போது காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறீர்கள். அப்படியே முதுகைத் திருப்பினால் பட்டம் விட நிற்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

நான்கு, கீழே இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். வீடும் மரமும் காற்றைத் தடுத்துச் சுழல வைக்கும். மரத்தின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்கு அந்தச் சுழல் இருக்கும். அதனால் தென்னை ஓலை நுனி, கோயில் கொடி, அடுப்புப் புகை என்று உயரத்தில் இருப்பதைப் பாருங்கள்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். கடற்கரையில் அடி வாங்கிய பிறகு வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பாட்டாவின் ஒரு பிடி மண் எவ்வளவு பெரிய சரித்திரத்தின் பக்கத்தில் இருந்திருக்கிறது என்று தெரிந்தபோது மலைத்துப் போனேன்.

நம் முன்னோர்கள் காற்றுக்குத் திசை வாரியாகப் பெயர் வைத்திருந்தார்கள். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பெயரைச் சொன்னாலே திசை வந்துவிடும். அம்புக்குறிக் குழப்பம் கிடையாது. யாழ்ப்பாணத்தார் சோளகம், கச்சான் என்று இன்றும் சொல்வார்கள். அங்கே வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று பெரிய பட்டப் போட்டி நடக்கிறது. அது வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். வடக்குக் கரையில் இருக்கிற ஊருக்குக் காற்று கடலிலிருந்து நேராக, தடையில்லாமல் வரும். தேதியும் இடமும் காற்றுக்கு அவ்வளவு பொருத்தம்.

புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார் என்ற புலவர், கரிகாலனின் முன்னோர்களைக் காற்றை வேலை வாங்கிக் கப்பல் விட்டவர்கள் என்று பாடுகிறார். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு, பருவக்காற்றைப் பிடித்து நடுக்கடல் வழியாக நம் மேற்குக் கரைக்கு வருவதைச் சொல்கிறது. அதில் வரும் பலிதா என்ற துறை எங்கள் ஊருக்குப் பக்கத்து விழிஞ்ஞம்தான் என்று சிலர் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சொல்லும் மான்சூன், பருவம் என்று பொருள்படும் மவ்ஸிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. துபாய் க்ரீக்கில் நிற்கும் மரக்கலங்களைப் பார்க்கும்போதெல்லாம், நம்மை இங்கே கொண்டுவந்தது விமானம், நமக்கு முன்னால் வந்தவர்களைக் கொண்டுவந்தது இந்தக் காற்று என்று தோன்றும்.

அடுத்தது திருவனந்தபுரம். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-ல் அங்கே வானாய்வுக் கூடம் தொடங்கியது. முதல் பொறுப்பாளர் ஜான் கால்டிகாட். அவர் ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர். (வணிகவியல் படித்த எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை!) அவருக்குப் பின் 1852-ல் வந்தவர் ஜான் ஆலன் பிரௌன். இவர் 1855-ல் அகஸ்திய மலை உச்சியிலேயே ஒரு ஆய்வுக் கூடம் அமைத்தார். 1868 மீட்டர் உயரம், யானைக்காடு, ஓயாத மழை, காற்று. கீழே திருவனந்தபுரத்தில் எடுத்த அளவுகளோடு மேலே எடுத்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் நோக்கம். மூட்டைகளைச் சுமந்து மேலே ஏறிய உள்ளூர்க்காரர்களின் பெயர்களை நாம் படிப்பதில்லை. எங்கள் நெய்யாறு பிறப்பது அந்த மலைத்தொடரில்தான்.

மலை இல்லாத இடத்தில் மேல் காற்றை எப்படி அறிவது? அங்கேதான் பட்டம் வருகிறது. 1749-ல் ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் வில்சன் என்பவர் பட்டங்களில் வெப்பமானியைக் கட்டி மேலே அனுப்பினார். 1893 வாக்கில் ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் பெட்டிப் பட்டம் செய்தார். அது ஆடாமல் நின்று கருவிகளைத் தூக்கியதால் வானிலைக்காரர்களுக்கு வரப்பிரசாதம் ஆனது. இந்திய வானிலைத் துறையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பருவமழையைப் புரிந்துகொள்ளப் பட்டங்களில் கருவி கட்டி ஏற்றியது. பிறகு பலூன் வந்தது, பட்டத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

பலூனும் எட்டாத உயரத்துக்கு? அதற்கு விடை எங்கள் ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே போவதால் அந்த மீனவ கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21-ஆம் தேதி மாலை அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட், நைக்கி-அப்பாச்சி. அமெரிக்காவில் செய்தது. அது மேலே போய்ச் செய்த வேலை என்ன தெரியுமா? சோடியம் ஆவியைக் கொட்டியது. தரையில் இருட்டத் தொடங்கிய நேரம், ஆனால் அவ்வளவு உயரத்தில் இன்னும் வெயில். அந்த ஒளியில் சோடியம் ஆரஞ்சு நிறத்தில் பளபளத்தது. அந்த மேகம் நெளிந்து நகர்வதைப் பல இடங்களிலிருந்து படம் பிடித்து, எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று கணக்கிட்டார்கள். அப்பா அப்போது சின்னப் பையன். வானத்தில் யாரோ குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல் இருந்ததாகவும், பாட்டி பயந்து விளக்கேற்றியதாகவும் சொல்வார்.

யோசித்துப் பாருங்கள். இந்திய விண்வெளிச் சரித்திரத்தின் முதல் ராக்கெட் செய்தது, பாட்டா கடற்கரையில் செய்ததைத்தான். ஒரு பிடி லேசான பொருளைக் காற்றில் விட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது! அடுத்த வருடமே ஜூடி-டார்ட் என்ற சிறு ராக்கெட்டுகளில் மெல்லிய உலோக இழைகளை ஏற்றி மேலே தூவி, அவை மிதப்பதை ரேடாரில் பின்தொடர்ந்தார்கள். 1970 முதல் 1993 வரை சோவியத் நாட்டின் எம்-100 ராக்கெட்டுகள் வாராவாரம் தும்பாவிலிருந்து மேல் காற்றையும் வெப்பத்தையும் அளந்தன. நான் தோப்பில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த காலமும் அதுதான்.

நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். மலைகளுக்கு நடுவே காற்று நெருக்கிக்கொண்டு வரும் இடம். ஒவ்வொரு காற்றாலையின் தலையிலும் ஒரு சின்னக் காற்றுத் திசைகாட்டி உண்டு. அது சொன்ன பக்கம் ராட்சத விசிறி மெதுவாகத் திரும்பும். துபாயில் அல் ஃபஹீதி பழைய வீடுகளின் பர்ஜீல் கோபுரங்கள் இன்னும் கெட்டிக்காரத்தனம்: நாலு பக்கமும் திறப்பு, எந்தப் பக்கக் காற்று வந்தாலும் பிடித்துக் கீழே இறக்கிவிடும்.

மறுநாள் சனிக்கிழமை மகளை மறுபடி கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். செல்போனைப் பையில் வைக்கச் சொன்னேன். ஒரு பிடி மணலை எடுத்து விடச் சொன்னேன். அது கடலிலிருந்து கரைப்பக்கம் சாய்ந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பட்டம் நூலை இழுத்துக்கொண்டு ஏறியது. "இது யார் சொன்னாங்க அப்பா?" என்றாள். பாட்டாவைப் பற்றி, தோட்டியைப் பற்றி, அந்த நடுங்கிய கையைப் பற்றி அன்றுதான் முதல்முறையாக அவளிடம் சொன்னேன். பன்னிரண்டு வயதாகிறது அவளுக்கு. இதுவரை சொல்லாமலே இருந்திருக்கிறேன்.

பெற்றோர்களுக்கு இரண்டு வார்த்தை. மின்கம்பி இருக்கும் இடத்தில் பட்டம் வேண்டாம். சிக்கினால் பட்டம் போகட்டும், பத்து ரூபாய் நஷ்டம்தான். மாஞ்சா பூசிய நூல் வேண்டவே வேண்டாம். அது கழுத்தை அறுத்துப் போன உயிர்கள் பல. நைலான் மாஞ்சாவை 2017 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது.

அடுத்த முறை ஊருக்கு போன் போடும்போது, வீட்டுப் பெரியவர்களிடம் உங்கள் ஊர்க் காற்றுகளின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். கேட்டதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். என் பாட்டாவிடம் நான் கேட்டு வைத்துக்கொண்டது கரைக்காத்து, கடல்காத்து என்ற இரண்டு மட்டும்தான். மீதியை அவர் கையோடு கொண்டுபோய்விட்டார்.