விழாவும் நம்பிக்கையும்: நம்பாதார் நிலை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

தை பிறக்கும்போதும் ஊர்க்கோயிலிற் கொடியேறும்போதும் முற்போக்காளர் மத்தியிலே ஒரு வினா தவறாமல் எழுவதுண்டு. கடவுள் நம்பிக்கை அற்றவர் சமயப் பண்டிகைகளைக் கொண்டாடலாமா? கொண்டாடுவது கொள்கைக்கு முரணாகாதா? ஒதுங்கி நிற்பது மக்களிடமிருந்து அந்நியப்படுவதாகாதா? இவ்வினா பெரும்பாலும் தனிமனித ஒழுக்கம் பற்றிய வினாவாகவே எடுத்தாளப்படுகின்றது. ஒருவர் வீட்டு முற்றத்திலே பொங்கற்பானை ஏறியதும் அவரது பொருள்முதல்வாதம் ஐயத்துக்குரியதாகின்றது. இன்னொருவர் தாயாரின் திவசத்துக்குப் போகாமல் விட்டதும் நெஞ்சுரம் மிக்க புரட்சியாளராகப் போற்றப்படுகின்றார். பிரச்சினையை இவ்வாறு தனிமனிதரின் தூய்மைக்குள் அடக்கிவிடுவது, நம்மவரிடையே வேரோடிய பழைய ஆசாரவாதத்தின் மறுவடிவமோ என நாம் ஐயுறுவதுண்டு. தீட்டு என்னும் எண்ணம் கோயிலை விட்டு வெளியேறிய பின்னரும் கொள்கையினுட் புகுந்து வாழ வல்லது.

விழா என்பது நம்பிக்கையின் வெளிப்பாடு மாத்திரமன்று. அது உழைப்புக்கு இடையிலான ஓய்வு. உணவினதும் உடையினதும் பங்கீடு. கடன்பட்டேனும் காப்பாற்ற வேண்டிய மரியாதை. யார் உள்ளே நிற்கலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதை ஆண்டுதோறும் ஊரறியச் செய்யும் அறிவிப்பு. ஆகவே, நம்பாதவர் விழாவிற் கலப்பது சரியா தவறா எனத் தீர்ப்புக் கூறுவதற்கு முன்னர், அவர்கள் வரலாற்றிலே உண்மையில் என்ன செய்தார்கள், அதனால் விளைந்தது என்ன என்பதை நோக்குதல் பயனுடையது. இரு அனுபவங்களை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று, நாத்திகர் ஆட்சியதிகாரத்தைக் கைப்பற்றியிருந்த சோவியத் நாட்டு அனுபவம். மற்றையது, அதிகாரம் எதுவுமின்றி அவர்கள் கோயில் வாசலிலே நின்ற யாழ்ப்பாண அனுபவம்.

1923ஆம் ஆண்டு ஜனவரியிலே சோவியத் நகரங்கள் பலவற்றில் இளங் கம்யூனிஸ்டுகள் 'கொம்சமோல் நத்தார்' என்ற பெயரில் ஊர்வலங்கள் நடத்தினர். குருமாரைக் கேலிசெய்யும் வேடங்கள் கட்டிச் சென்று, கடவுளரின் உருவப் பொம்மைகளைத் தெருவில் எரித்தனர். பல சமயத்துக் கடவுளரும் ஒன்றாகவே தீயிலிடப்பட்டமையாற் பாரபட்சம் இருந்ததென எவரும் குறைகூற இயலாது. அதே ஆண்டு ஏப்பிரலிலே கூடிய கட்சியின் பன்னிரண்டாவது பேராயம், நம்புவோரின் உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தும் முறைகள் அவர்களைச் சமயப் பிடியிலிருந்து விடுவிக்கமாட்டா என எச்சரித்தது. கடவுளைச் சட்டமியற்றி ஒழிக்க முனைந்த பிளாங்கிவாதிகளை எங்கெல்ஸ் 1874இலேயே எள்ளி நகையாடியிருந்தமை இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. ஆயின் பேராயத்தின் எச்சரிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 1925இல் யரஸ்லாவ்ஸ்கியின் தலைமையில் அமைந்த நாத்திகர் கழகம், 1929இல் 'போர்க்குணமிக்க' என்ற அடைமொழியையும் தன் பெயருடன் சேர்த்துக்கொண்டது. நத்தார் மரம் பிற்போக்கின் சின்னமெனக் கண்டிக்கப்பட்டுப் பொது இடங்களிலிருந்து மறைந்தது.

இவற்றிலும் பார்க்க ஆழமான மாற்றம் கிழமை முறையிலே செய்யப்பட்டது. 1929இல் ஐந்துநாட் கிழமை புகுத்தப்பட்டது. தொழிலாளர் ஐந்து பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒவ்வொரு பிரிவினர்க்கும் வெவ்வேறு நாள் ஓய்வு. இயந்திரங்கள் ஓயாது இயங்க வேண்டும் என்பது முதன்மை நோக்கம். வழிபாட்டுக்குரிய ஞாயிற்றுக்கிழமை இல்லாதொழியும் என்பதும் எதிர்பார்க்கப்பட்டது. நடைமுறையிலே கணவனுக்கு ஒரு நாளும் மனைவிக்கு இன்னொரு நாளும் பிள்ளைக்கு வேறொரு நாளும் விடுமுறையாயிற்று. ஓய்வு இருந்தது, கூடியிருத்தல் இருக்கவில்லை. இம்முறை 1931இல் ஆறுநாட் கிழமைக்கு இடங்கொடுத்தது. 1940இல் ஏழுநாட் கிழமையும் அதனுடன் ஞாயிற்றுக்கிழமையும் மீண்டன. இடையே 1937இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பில், பதினாறு வயதுக்கு மேற்பட்டோரிற் பாதிக்கும் அதிகமானோர் தம்மை நம்புவோர் எனவே பதிவு செய்தனர். அச்சம் நிறைந்த அவ்வாண்டிலே அவ்வாறு பதிவதற்குத் துணிவு வேண்டியிருந்தது. அரசு அக்கணக்கெடுப்பையே மறைத்துவிட்டது.

மரத்தின் கதை வேறொரு வழியிலே சென்றது. 1935 டிசெம்பர் 28ஆந் திகதி 'பிராவ்தா'விலே பொஸ்திஷேவ் எழுதிய ஒரு கடிதம் வெளியாயிற்று. முன்னர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் மரத்தைச் சுற்றி ஆடிப்பாடியதைத் தொழிலாளர் பிள்ளைகள் சாளரத்துக்கு வெளியே நின்று பார்த்தனர். இன்று அம்மகிழ்ச்சியை அவர்க்கு ஏன் மறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். சில நாட்களுள் மரம் திரும்பி வந்தது. நத்தார் மரமாக அன்று, புத்தாண்டு மரமாக. உச்சியிலே செந்நட்சத்திரம் ஏறியது. 1947 இறுதியில் வந்த ஆணையால் ஜனவரி முதலாந் திகதி பொது விடுமுறையாயிற்று. (மரத்தை மீட்டுக்கொடுத்த பொஸ்திஷேவ் 1939இல் அந்த ஆட்சியாலேயே சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.)

இதனைச் சமயத்திடம் அடைந்த சரணாகதி என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. கடிதம் எழுப்பிய வினா நம்பிக்கை பற்றியதன்று. சாளரத்துக்கு உள்ளே யார், வெளியே யார் என்பது பற்றியது. ஆறேழு ஆண்டுகளாகத் தடையினாற் சாதிக்க முடியாததை இவ்வினா சாதித்தது. சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்த பின்னரும் அப்புத்தாண்டு விழா அந்நாடுகளிலே மக்கள் விழாவாக நிலைத்திருப்பது, பெயரும் பொருளும் மாறிய பின்னர் ஒரு சடங்கு வேறொன்றாகிவிடும் என்பதற்குச் சான்றாகும்.

கிழமை பற்றிய சோவியத் பரிசோதனைக்கு நமது நாட்டிலே ஒரு விசித்திரமான இணை உண்டு. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. அங்கே சமயத்தை அகற்றுவதற்காக ஞாயிறு நீக்கப்பட்டது. இங்கே சமயமொன்றை உயர்த்துவதற்காக நீக்கப்பட்டது. பிறை கணித்து வேலைநாள் எண்ணும் முறை உலக வர்த்தகத்தோடு பொருந்தாமையால் அதுவுங் கைவிடப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளும் இந்நாட்டிலே வாழ்ந்த பௌத்தர், சைவர், கிறித்தவர், இஸ்லாமியர், நாத்திகர் அனைவரும் போயா அனுட்டித்தனர் என்பதே உண்மை. விழாவிலிருந்து முற்றாக ஒதுங்கி வாழ்வது எவருக்கும் இயலாதென்பதை இதனிலுந் தெளிவாகக் காட்டும் உதாரணம் தேடவேண்டியதில்லை.

அதே காலப்பகுதியிலேதான் யாழ்ப்பாணத்தில் இப்பிரச்சினை கூர்மையடைந்தது. 1956இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கதவுகள் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்குத் திறக்கப்பட்டன. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது இடங்களிலும் கோயில்களிலும் தடை விதிப்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் சட்டப் புத்தகத்திலே திறந்த கதவு பல ஊர்களிலே சாத்தியே கிடந்தது. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர். அதன் தொடர்ச்சியாக எழுந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும் ஆலயப் பிரவேசங்களும், 1967இல் அமைந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் நன்கறியப்பட்டவை. அதற்கும் முன்னரே சிறுபான்மைத் தமிழர் மகாசபை இத்துறையிலே நெடுங்காலம் உழைத்து வந்தது. இவ்வமைப்புகளின் முன்னணியில் நின்றோரிற் கணிசமானோர் கம்யூனிஸ்டுகள். அதாவது, தமக்கென வழிபடு கடவுள் எதனையும் கொள்ளாதோர்.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலே திருவிழாக் காலத்தில் வாசலின் முன் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. உள்ளே செல்ல முயன்றோரைத் தடுத்து நின்றவர்க்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். இவர் ஒக்ஸ்போர்டிலே பயின்றவர், கணிதப் பேராசிரியராயிருந்தவர், சுதந்திர இலங்கையின் முதலாவது அமைச்சரவையிலே இடம்பெற்றவர். பின்னர் மேற்படி சட்டத்தின் கீழ் இவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. நவீனக் கல்வியின் உச்சியிலே நின்ற ஒருவர் சாதியாசாரத்துக்குக் காவலாக நின்றதும், கடவுளை மறுத்தோர் பக்தர்க்குத் துணையாக நின்றதும் அவ்வாசலின் இரு பக்கங்கள். 'பகுத்தறிவு எதிர் நம்பிக்கை' என்ற எளிய கோட்டினால் இக்காட்சியைப் பிரித்து விளங்க முயல்வோர் ஏமாற்றமே அடைவர்.

அக்காலத்திலே இரு திசைகளிலிருந்தும் ஒரே கேள்வி வந்தது. கடவுளை நம்பாதவர்க்குக் கோயிலில் என்ன அலுவல் என்று ஆசாரவாதிகள் கேட்டனர். மூடநம்பிக்கையின் கூடாரத்துக்குள் மக்களை ஏன் அழைத்துச் செல்கிறீர்கள், வெளியே நிற்பதே அவர்க்கு நன்று என்று பகுத்தறிவாளர் சிலர் கேட்டனர். இரண்டாவது கேள்வி முற்போக்கானது போலத் தோற்றமளிப்பினும் பயனளவில் முதலாவதனோடு இணைந்துவிடுகின்றது. இரண்டும் ஒடுக்கப்பட்டோரை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தின. தானாகக் கோயிலை விட்டு நீங்குபவனும் கோயிலிலிருந்து நீக்கப்பட்டவனும் ஒருவரல்லர். உள்ளே செல்லும் உரிமை உடையவனே செல்லாமல் விடவும் உரிமையுடையவன். லெனின் 1909இல் எழுதிய கட்டுரையொன்றிலே, நம்புவோரும் நம்பாதோரும் கலந்த ஓர் ஊரில் வேலைநிறுத்தம் நிகழ்வதாகக் கற்பித்து, அவ்வேளை மார்க்சியனின் கடமை தொழிலாளரை ஆத்திகர் நாத்திகர் எனப் பிளப்பதன்று என வாதிட்டார். மாவிட்டபுரத்திலே நின்ற தோழர்கள் அக்கட்டுரையைப் படித்திருந்தனரோ இல்லையோ, அதன் வழியிலேயே ஒழுகினர்.

இலக்கிய மாணவர் என்ற வகையில் இன்னொன்றையுங் குறிப்பிட வேண்டும். அப்போராட்டத்தின் விளைவாக எழுந்த என்.கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகம் அம்பலத்தாடிகளாற் பல இடங்களில் மேடையேற்றப்பட்டது. கந்தப்பெருமானே அதில் ஒரு பாத்திரம். நம்பாதோர் கடவுளை மேடையேற்றியபோது மக்கள் அதனை நிந்தனையாகக் கொள்ளவில்லை. தம் பக்கம் நிற்கும் கந்தனைக் கண்டு களித்தனர். உருவப் பொம்மையை எரித்த 1923ஆம் ஆண்டு ஊர்வலத்துக்கும் இதற்குமுள்ள வேறுபாடு வெறும் கலை வேறுபாடன்று.

இனிப் பொங்கலுக்கு வருவோம். புராணக் கதையின் சுமை குறைந்ததாலும் உழவோடு இயைந்ததாலும் நம்பாதோர் தயக்கமின்றிக் கொண்டாடத்தக்க விழா இதுவெனப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. தமிழகத்திலே பெரியார் தீபாவளியைக் கடுமையாகச் சாடிப் பொங்கலை ஏற்றமை இந்நோக்கினாலேயே. இம்மதிப்பீட்டிலே உண்மை உண்டு. ஆயினும் போதிய உண்மை இல்லை. கடவுளை அகற்றிய இடத்திலே 'தமிழர்' என்ற பிளவறியாத ஓர் உருவத்தை அது அமர்த்திவிடுகின்றது. அறுவடை போற்றப்படுகின்றது, அறுத்தவர் யார், அவர் பெற்ற பங்கு எவ்வளவு என்பன கேட்கப்படுவதில்லை. நிலமுடையார் முற்றத்திலே பானை பொங்கியபோது குடிமைத் தொழில் செய்தோர் புறவாசலிலே தம் பங்குக்குக் காத்து நின்ற நினைவு நமது கிராமங்களில் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. சமயச் சார்பற்ற விழா என்பதனால் மட்டும் ஒரு விழா மக்கள் விழாவாகிவிடாது.

மாறாக, கதையளவிலே நமக்கு உவப்பில்லாத தீபாவளி மலையகத்தில் வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. தோட்டத் தொழிலாளர் தீபாவளியை எதிர்கொள்வது முற்பணத்தோடு. அம்முற்பணம் கொடையன்று, பின்னர் மாதாமாதம் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் கடன். பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுத்த மகிழ்ச்சியின் விலையை அடுத்த மாதங்களின் சம்பளத் துண்டிலே காணலாம். ஆண்டுதோறும் முற்பணத் தொகை தொழிற்சங்கக் கோரிக்கையாவது இதனாலேயே. நரகாசுரன் கதை ஆரியச் சூழ்ச்சி எனத் தோட்டத்திலே போய்ச் சொற்பொழிவாற்றுவோர், பண்டிகை கொண்டாடுவதற்குக் கடன்பட வேண்டிய அளவுக்கு அச்சம்பளம் ஏன் தாழ்ந்திருக்கின்றது என்பதையும் பேசின் நலம். பேசுவோர் குறைவு.

போருக்குப் பின்னர் வடக்கிலே கோயில்களும் விழாக்களும் பெருகிவிட்டன. புலம்பெயர்ந்தோர் பணத்தினால் இராசகோபுரங்கள் எழுகின்றன; உபயங்களின் செலவு கூடியிருக்கின்றது. இடதுசாரி இயக்கமோ மெலிந்துவிட்டது. நம்பாதோர் பலர் இன்று திருவிழா நாளிலே வீட்டிலிருந்து நூல் படிக்கின்றனர். 2018இல் தென்மராட்சியில் வரணிப் பகுதிக் கோயிலொன்றின் தேரை, மண் அகழும் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டு இழுத்தனர். வடம் பிடிக்க இளைஞர் போதவில்லை என்று நிருவாகத் தரப்பிற் கூறப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடத்திற் கைவைத்துவிடக் கூடாதென்பதே காரணம் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அச்செய்தியைப் படித்துச் சினந்தோர் நம்மிடையே பலர். கண்டித்து எழுதியோரும் உளர். அடுத்த ஆண்டு அவ்வூர்த் தேருக்குச் சென்று வடத்தருகே நின்ற முற்போக்காளர் எவரையும் நாம் அறியோம். நாமும் போகவில்லை.