பாலை காத்த ஏடுகள்

வடகிழக்குப் பருவமழை குறைவின்றிப் பெய்த ஆண்டுகளில், கார்த்திகைத் திங்களில் சோழவரம் ஏரி கரை ததும்ப நிற்கும். அவ்வேரியை உள்ளடக்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல். சமணம் தழைத்த மற்றொரு நிலமாகிய இராஜஸ்தானத்தின் ஜெய்சல்மேரில் அது இருநூறைத் தொடுவதே அரிது. ஏடுகள் எங்கே பிழைத்தன, எங்கே அழிந்தன என்பதை இந்த வேறுபாடும் ஓரளவு தீர்மானித்தது.

இராஜஸ்தானம் 3,42,239 சதுர கிலோமீட்டர் பரப்புடையது; தமிழ்நாட்டைப்போல் இரண்டரை மடங்கிற்கும் மேல். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடும் ஆரவல்லி மலைத்தொடர் அதனை இரண்டாக வகுக்கிறது. மலை இருந்தால் மழையும் இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். மேற்குத் தொடர்ச்சி மலை கடற்காற்றுக்குக் குறுக்கே நிற்பதால் கேரளம் நனைகிறது. ஆரவல்லியோ அரபிக்கடலிலிருந்து எழும் மேகங்களின் போக்கிற்கு இணையாகக் கிடக்கிறது. அவை தடையின்றிக் கடந்துவிடுகின்றன. மலைக்கு மேற்கே, மாநிலத்தின் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு வறண்ட நிலம். அங்கே கோடைப்பகலில் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தாண்டும். குளிர்கால இரவில் உறைநிலையை நெருங்கும். ஆரவல்லியில் பிறக்கும் லூனி ஆறு வழியிலேயே உவர்ப்பேறி, கடலைக் காணாமல் கட்ச்சு உவர்நிலத்தில் மறைகிறது.

முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் திரிந்து பாலையாகும் என்பது இளங்கோவடிகள் காட்டும் நெறி. இராஜஸ்தானத்திலோ பாலை பருவத்தின் கோலம் அன்று, நிலைத்த திணை. குறிஞ்சி காண விழைவோர் அபுமலை ஏற வேண்டும். 1,722 மீட்டர் உயரமுள்ள குருசிகரமும் காடும் அங்குள்ளன. 1031-இல் எழுந்த விமலவசதியின் வெண்பளிங்கு வேலைப்பாட்டை யாத்திரை சென்றோர் நன்கறிவர்.

பலர் காணாது திரும்புவது ஜெய்சல்மேர்க் கோட்டையின் நிலவறையை. 1156-இல் நிறுவப்பட்ட அக்கோட்டைக்குள், மஞ்சள் மணற்கல்லாலான ஜினாலயங்களின் நடுவே, சம்பவநாதர் ஆலயத்தின் கீழே, 15-ஆம் நூற்றாண்டில் ஜினபத்திர சூரி அமைத்த ஞான பண்டாரம் இருக்கிறது. ஓலை அம்மணலில் விளைவதன்று. குஜராத்தின் பாட்டன், கம்பாத் முதலிய நகரங்களில் எழுதப்பெற்ற சுவடிகள் பல, பாதுகாப்புக் கருதி அங்குக் கொண்டுவரப்பட்டன. தமிழகத்தில் எழுத்தாணியால் ஓலையைக் கீறினர். அங்கே மையால் எழுதினர். 11-ஆம் நூற்றாண்டு ஓலையும் அவற்றுள் உண்டு. வறண்ட காற்று பூஞ்சையை அண்டவிடவில்லை.

தமிழ்நாட்டில் முந்நூறு ஆண்டு கடந்த ஓலை அருமையே. ஈரமும் செல்லும் தின்னுமுன் படியெடுத்தாக வேண்டும். ஒரு தலைமுறை சோம்பினால் ஒரு நூல் போயிற்று! சாத்திர தானம் இங்குப் பெரும்புண்ணியமாகப் போற்றப்பட்டதற்கு இந்த ஈரக்காற்றும் ஒரு காரணம் எனலாம். குடந்தைச் சமணர் சுவடி தந்தும் பொருள் விளக்கியும் துணைநின்றதால், உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தார். வளையாபதிக்கு அப்பேறு வாய்க்கவில்லை. இளமையில் அதன் சுவடியைக் கண்ட ஐயரே பின்னர்த் தேடியபோது அது கிடைக்கவில்லை. எஞ்சியவை எழுபதிற்குச் சற்று மேற்பட்ட செய்யுட்கள்.

1874-இல் ஜார்ஜ் பியூலர் என்னும் செருமானிய அறிஞர் ஒட்டகப்பாதை வழியே ஜெய்சல்மேரை அடைந்து பண்டாரத்தைக் கண்டார். உடன் சென்ற ஹெர்மன் யாக்கோபிக்கு வயது ஏறத்தாழ இருபத்துநான்குதான். சமணம் பௌத்தத்தின் கிளை என்று மேலைநாட்டார் பலர் எழுதிவந்த காலம் அது. அவ்வாறன்று, அது தனித்த தொல்சமயம் என்று 1879-இல் தம் கல்பசூத்திரப் பதிப்பின் முன்னுரையில் யாக்கோபி நிறுவினார். பண்டாரம் சுவேதாம்பரருடையது, தமிழ்ச் சமணர் திகம்பரர். யாக்கோபியின் முடிவோ இரு மரபினர்க்கும் பொதுவான பெருமை.

சட்லெஜ், பியாஸ் ஆறுகளின் நீரைத் தார்ப் பாலைக்குக் கொணரும் கால்வாய்ப் பணி 1958-இல் தொடங்கியது. ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள்ளும் குழாய்நீர் வந்தது; விடுதிகள் பெருகின. குடத்துநீரைக் கணக்காகச் செலவிட்ட குடிகளுக்கென எழுந்த குன்று அது. கசிந்த கழிவுநீர் அடித்தளத்து மண்ணை இளக்கியதால் மதிற்கொத்தளங்கள் சில சரிந்தன. 2013-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பிறகும், அக்கோட்டையில் வடிகால் சீரமைப்பே முதற்கவலையாக இருந்துவருகிறது.