ஒரு ஒன்பது இன்ச் அச்சின் கதை

நான் படிச்சது மெக்கானிக்கல், சோறு போடறது ஜாவா. இந்த ரகத்துல இங்கேயே பாதிப் பேர் தேறுவீங்கங்கிற தைரியத்துலதான் லாரியோட பின் அச்சைப் பத்தி எழுதறேன். சினிமா, அரசியல் ஜல்லி இன்னிக்கு லீவு :-)

ஒரு லாரிக்குப் பின்னாடி குனிஞ்சு பார்த்தீங்கன்னா, ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரு இரும்புக் குழாயும், நடுவுல பானை வயிறு மாதிரி ஒரு புடைப்பும் தெரியும். அதுதான் ஆக்ஸில் ஹவுசிங். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைத் தொண்ணூறு டிகிரி திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பினியனும் கிரவுன் வீலும் அந்த வயிற்றுக்குள் இருக்கின்றன. வண்டியின் பின்பக்க பாரத்தைச் சுமப்பதும் இதே ஹவுசிங்தான்.

அமெரிக்காவில் மலையிலும் பாலைவனத்திலும் ஓட்ட லாரியைத் தாங்களே கட்டுகிறவர்களைக் கேட்டால், பல பேர் சொல்லும் ஒரு பெயர் 'ஃபோர்டு 9 இன்ச்'. கிரவுன் வீலின் விட்டம் 9 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். இத்தனைக்கும் இது 1957 மாடல் வண்டிகளோடு வந்த சாமான். குடும்பத்தோட சர்ச்சுக்குப் போற காருக்கெல்லாம் மாட்டினது. அது எப்படிப் பாலைவனத்துக்குப் போச்சு?

கொஞ்சம் பின்னாடி போகணும். ஆரம்ப கால கார்களில் பினியனின் அச்சும் கிரவுன் வீலின் அச்சும் ஒரே மட்டத்தில் இருந்தன. க்ளீசன் நிறுவனம் உருவாக்கிய ஹைபாய்டு பல்சக்கரத்தை 1926-இல் பேக்கார்டு தன் கார்களில் கொண்டுவந்தது. இதில் பினியன் மையத்தை விட்டுக் கீழே தள்ளி உட்காரும். எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் தாழ்ந்தது, கூடவே காரின் தரையும் தாழ்ந்தது. நோக்கம் அவ்வளவுதான், அழகும் சொகுசும்.

ஃபோர்டு அந்தப் பினியனை இன்னும் கீழே, மையத்திலிருந்து 2 அங்குலத்துக்கு மேல் இறக்கியது. விளைவு, பற்கள் ஒன்றோடொன்று நீளமாகக் கவ்விக்கொண்டன. பலம் கூடியது. பினியனின் பின்பக்கத்தைத் தாங்க இரண்டு பேரிங், மூக்கு நுனியில் மூன்றாவதாக இன்னொன்று. அழுத்தம் வந்தால் பினியன் விலகி ஓடாது. இதெல்லாம் சும்மா கிடைக்கலை. இப்படிக் கீழே இறக்கினா பற்கள் ரொம்பச் சறுக்கும். உராய்வு, சூடு, கொஞ்சம் பவர் நஷ்டம். அந்த விலையைக் கொடுக்கத்தான் வேணும்.

ஆனா என்னைக் கேட்டா, இதன் வெற்றிக்குக் காரணம் பலம் மட்டும் இல்லை. டானா 60 மாதிரியான அச்சுகளில் கிரவுன் வீலும் பினியனும் நேராக ஹவுசிங்கிலேயே உட்காரும். பல் இடைவெளி சரி பார்க்கிற வேலையை பெரும்பாலும் வண்டிக்கு அடியில் படுத்துக்கிட்டுத்தான் செய்யணும். ஒன்பது இன்ச்சில், சக்கர ஷாஃப்டுகளை வெளியே இழுத்து, பத்து நட்டைக் கழட்டினால் பல்சக்கரக் கூட்டம் மொத்தமும் முன்பக்கமாக ஒரே துண்டாக வெளியே வந்துவிடும். மேசை மேல வெச்சு நிதானமா செட் பண்ணலாம். மேட்டுக்கு ஒரு பல் விகிதம், மைதானத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு செட் வெச்சுக்கிட்டு மாத்தலாம். நம்ம பாஷையில சொன்னா, அந்தப் பத்து போல்ட்தான் இண்டர்ஃபேஸ். அதை உடைக்காத வரைக்கும் ரெண்டு பக்கமும் என்ன வேணா மாத்திக்கலாம்.

மாத்தவும் செஞ்சாங்க. 1966 மாடலாக வந்த ஃபோர்டு பிராங்கோவின் பின்பக்கம் இதே 9 இன்ச். அடுத்த வருஷமே, 1967-இல், மெக்சிகோவில் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை முதல் 'மெக்சிகன் 1000' பந்தயம் நடந்தது. பார்னெல்லி ஜோன்ஸும் பில் ஸ்ட்ராப்பும் 'பிக் ஒலி' என்ற பிராங்கோவில் 1971, 1972 இரண்டு வருஷமும் ஜெயித்தார்கள்.

கார் அச்சு பாலைவனத்தில் தாவினால் என்ன ஆகும்? ஹவுசிங் என்பது தகட்டை அழுத்தி, ரெண்டு பாதியாகச் செய்து பற்றவைத்தது. பள்ளத்தில் மீண்டும் மீண்டும் விழுந்தால் நடுவில் வளையும். சக்கரம் சாய்ந்து, பேரிங்கும் சீலும் போகும். அதனால முதுகில் ஒரு கனமான பட்டை, மேலே பாலத்துக்கு இருக்கிற மாதிரி ஒரு ட்ரஸ் என்று பற்றவைக்க ஆரம்பித்தார்கள். இங்கதான் கைவேலை இருக்கு. வெல்டிங் குளிரும்போது சுருங்கும், சுருங்கி ஹவுசிங்கைத் தன் பக்கம் இழுக்கும். பலப்படுத்தப் போய் கோணலாக்கிடும்! அதனால் ரெண்டு முனை பேரிங் இடத்திலும் நடுவிலும் கடைந்த வளையங்களை வைத்து, நீளமான நேர் கம்பி ஒன்றை உள்ளே செருகுவார்கள். கம்பி தடங்கல் இல்லாமல் நுழைந்தால் ஹவுசிங் நேர். துண்டு துண்டாக, பக்கம் மாற்றி மாற்றிப் பற்றவைத்து ஆற விடுவார்கள். அப்பவும் வளைந்தால் எதிர்ப்பக்கம் சூடு காட்டி நிமிர்த்துவார்கள்.

அடுத்து ஃபுல் ஃப்ளோட்டர். சாதாரண அமைப்பில் சக்கர ஷாஃப்ட் சுழலவும் வேண்டும், பாரமும் சுமக்க வேண்டும். உடைந்தால் சக்கரமே கழன்று ஓடலாம். ஹவுசிங்கின் முனைகளை வெட்டி, லாரி பாணியில் ஸ்பிண்டிலைப் பற்றவைத்தால் பாரம் ஹவுசிங்கின் தலையில் போகும். ஷாஃப்ட் சுழன்றால் போதும். உடைந்தாலும் சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். ஓட்டுறவன் உயிர் அங்கதான் இருக்கு.

ஃபோர்டு 1986-ஓடு இந்த அச்சை நிறுத்திவிட்டு 8.8 இன்ச்சுக்குப் போனது. ஆனா நாஸ்கார் பந்தயத்தின் உச்சப் பிரிவில் ஷெவர்லே, டொயோட்டா கார்கள்கூட இந்த வடிவமைப்பின் வழி வந்த அச்சோடுதான் ஓடின. 2022-இல் புது மாடல் வரும்வரை அப்படித்தான். இன்றைக்கு ஹவுசிங்கை மொத்தத் தகட்டில் வெட்டிச் செய்கிறார்கள், வயிற்றை அலுமினியத்தில் வார்க்கிறார்கள், 9.5 இன்ச், 10 இன்ச் கிரவுன் வீல்கூட வந்துவிட்டது. பல 'ஃபோர்டு 9 இன்ச்'சில் ஃபோர்டு செய்த ஒரு நட்டுகூட கிடையாது.

அப்புறம் மிச்சம் என்னதான் இருக்கு? அந்தப் பத்து போல்டின் இடம்தான். முதலில் வரைந்தவர் அதை மெக்கானிக்கின் சௌகரியத்துக்காக வெச்சிருப்பார்னு நினைக்கிறேன். அதைப் பிடிச்சுக்கிட்டு, தெருவோரப் பட்டறைகளில் வெட்டி, ஒட்டி, நிமிர்த்தினவங்கதான் இதை அறுபது வருஷத்துக்கு மேல உயிரோட வெச்சிருக்காங்க. அவங்கள்ல முக்கால்வாசிப் பேரோட பெயர் எந்த வரலாற்றுலயும் வராது. அதுக்காகத்தான் இந்தப் பதிவு.