12 மணி நேர விலக்கு

ஆலைச் சங்கு கேட்டே வளர்ந்த திருவொற்றியூர்க்காரர்கள் நாம். இது நம் கதை.

2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, போர், உள்நாட்டுக் கலவரம் போன்ற நெருக்கடியில் மட்டும் அரசு விதிவிலக்கு தர முடிந்தது. அதுவும் ஒருமுறைக்கு மூன்று மாதம்தான். கொரோனாவைக் காட்டி குஜராத் அரசு இதன்படி 12 மணி நேர வேலைக்கு அனுமதி தந்தது. 2020 அக்டோபர் 1-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நம் சட்டமன்றமோ 2023 ஏப்ரல் 21-இல் 65ஏ என்ற புதுப் பிரிவையே நிறைவேற்றியது. நெருக்கடி எதுவும் தேவையில்லை; வேலை நேரம், இடைவேளை, ஓ.டி. சம்பளம் எல்லாவற்றிலும் அரசு விலக்கு தரலாம். களைத்த கைதானே மெஷினில் மாட்டும்! தொழிற்சங்கங்களோடு கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் ஸ்டாலின் வாபஸ் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நாட்டின் முதல் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக 100 ஆண்டு.