தொலைபேசிக் கட்டணமும் திருகோணமலையும்

வீட்டுத் தொலைபேசிக் கட்டணத்தை அரசு வரையறுத்தல் வேண்டுமா, சந்தையின் போக்கிற்கு விடுதல் வேண்டுமா என்னும் வினாவுக்குத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசம் தக்கதோர் உரைகல்லாகும்.

தொலைத்தொடர்பு அரச திணைக்களத்தின் தனியுரிமையாயிருந்த காலத்தில் கட்டணத்தை அரசே விதித்தது. வெளிநாட்டு அழைப்புகளின் வருவாய் உள்ளூர்க் கட்டணத்தைத் தாழ்த்தி வைத்தது. ஆயினும், இணைப்பை நாடியோர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். அக்காத்திருப்பே மறைமுகக் கட்டணமாயிற்று எனலாம்.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் வழி திணைக்களத்தின் சேவை கூட்டுத்தாபனமொன்றிடம் சென்றது. 1996இல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தோன்றியது. அவ்வாண்டே சன்ரெல், லங்கா பெல் என்னும் தனியார் நிறுவனங்கள் கம்பியில்லா இணைப்பு வழங்க உரிமம் பெற்றன. 1997இல் ஸ்ரீ லங்கா ரெலிகொமின் 35 சதவீதப் பங்குகள் யப்பானின் என்.ரி.ரி. நிறுவனத்திற்கு விற்கப்பட்டன.

இவ்வாறு போட்டி பிறந்தது உண்மையே. ஆனால், அது முதலில் நாடியது கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையுமே. போரின் பிடியிலிருந்த திருகோணமலைக்கு அது பிந்தியே வந்தது. 2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியா மக்கள் பாதையிலேறியே நகரை அடைந்தனர். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் வாழ்ந்த மூதூர் மக்களின் நிலையும் அத்தகையதே. நேரிற் செல்லுதல் அரிதான இடத்தில் தொலைபேசி ஆடம்பரமன்று. நோயாளிக்கும் மீனவர் குடும்பத்திற்கும் அது இன்றியமையாத் தேவையாகும்.

இன்று கைத்தொலைபேசி பரவியுள்ளது. பல சேவைகள் போட்டியிடும் இடத்தில் அழைப்புக் கட்டணத்தை அரசு வரையறுத்தல் தேவையற்றது. எனினும், கம்பித் தொடர்பொன்றையே நம்பிய வீட்டிற்கு மாத வாடகையின் உச்சவரம்பு நீடித்தல் வேண்டும். இணைப்பில்லாதவனுக்கு மலிவான கட்டணத்தாற் பயனில்லை. தெரிவில்லாதவனுக்குச் சந்தைச் சுதந்திரத்தாற் பயனில்லை. எனவே, தெரிவு முந்துக. கட்டண விடுதலை பின்தொடர்க.